ஈரம் காயும்வரை ஏறாதீர்

பர்துபிட்செயிலிருந்து இரண்டு மணி நேரம்.
பழைய ஸ்கோடாவின் பின்னிருக்கையில்
சுருட்டிய பாய்கள் நாலும் நடுவே எல்லைச்சுவர்.
அவர் பெண் ஒரு ஜன்னலில்,
என் பையன் மறு ஜன்னலில்.
எனக்கும் ஒதகருக்கும் கல்யாணம் ஆகி ஐந்து மாதம்.
அவர்கள் இருவருக்கும் இன்னும் ஆகவில்லை.

புல்வெளியில் இரண்டு கூடாரம் அடித்தோம்.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
அவரும் ரொசாலியேயும் ஒன்றில்,
நானும் வீதெக்கும் ஒன்றில்.
நடுவில் ஒரே அடுப்பு,
நாலு எனாமல் குவளை,
கடுகுச் சாஸ் மட்டும் மறந்துபோன இரவு.

காலையில் பாறைகளுக்குள் போனோம்.
மலை இல்லை அது,
உச்சிக்கு ஏறிக் கையாட்டுகிற சங்கதி இல்லை.
கோபுரம் கோபுரமாய் மணற்கல்,
இடையில் சந்து, சந்துக்குள் சந்து,
அடியில் பாசியும்
ஜூலையிலும் பல்லைக் கிட்டவைக்கும் குளிரும்.
கன்னத்தை வைத்தால் கல் சொரசொரவென்று
ஒரு விரலளவு கடலை உதிர்க்கிறது.

ஒவ்வொரு கல்லுக்கும் பலகையில் பேர் உண்டு.
ஆலைக்காரனும் கழுதையும்.
துறவியின் தொப்பி.
வளைந்து எட்டிப்பார்க்கும் ஒன்றுக்கு
முடிதுறந்த ராஜா என்று பேர்.
'இல்லை' என்றான் வீதெக்,
'பஸ்ஸைத் தவறவிட்ட ஆள்.'
'டிராலிபஸ்' என்றாள் ரொசாலியே, திரும்பாமலே.
அன்றைக்கு அவனிடம் அவள் பேசிய முதல் சொல்.
திருத்தம்தான். இருந்தாலும் சொல்.
கொஞ்ச தூரம் போய்,
'அப்பா ஓட்டியிருந்தா நிறுத்தியிருப்பார்.'
ஏழாம் நம்பர் தடத்தில் பதினாறு வருடமாக
ஓடிவருகிறவர்களுக்கு நிறுத்தித் திட்டு வாங்குகிற அப்பா
ஒன்றும் சொல்லாமல்
மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் அந்த இடுக்கு.
ஐம்பது சென்டிமீட்டர் என்றது பலகை.
பிள்ளைகள் பல்லிபோலப் போய்விட்டார்கள்.
ஒதகர் பலகையை நம்பவில்லை,
அல்லது தன் வயிற்றை நம்பிவிட்டார்.
முன்னால் நெஞ்சைப் பாறை பிடித்தது,
பின்னால் முதுகை.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஒரு கட்டம்போட்ட சட்டையும்
அதற்கு மேலே கயிறு அகலத்துக்கு வானமும்.
'மூச்சை வெளியே விடுங்க' என்றேன்.
விட்டார். சிரித்தார். மறுபடி சிக்கினார்.
அந்தப் பக்கம் என்ன நடந்ததென்று நான் பார்க்கவில்லை.
கேட்டேன்:
'நீ அந்தக் கையைப் பிடி.'
'அது உன் கை.'
'சரி, அப்ப நான் இது.'
ஒன்று, இரண்டு என்று இரண்டு குரல்,
மூன்றில் ஒரே குரல்.
இரண்டு பொத்தானையும் முழங்கைத் தோலையும்
கல்லுக்குக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.
எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற போலந்துக்காரர்கள்
கை தட்டினார்கள்.

மூன்று மணிக்கு மழை.
கயிறும் கொக்கியுமாக இறங்கிவந்தவர்கள்
எங்கள் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்கள்.
வீதெக்கின் கண்ணாடியில் ஆவி.
அவனுக்காக அந்தப் பலகையை
ரொசாலியே முழுக்கப் படித்துக் காட்டினாள்:
மணற்கல் தண்ணீர் குடிக்கும்.
குடித்த கல் கையோடு வரும்.
நாற்பது வருடம் ஆள் தாங்கிய விளிம்பும்
அன்றைக்குத் தாங்காது.
ஈரம் காயும்வரை ஏறாதீர்.
'எவ்வளவு நேரம் ஆகும்?'
'ஒரு நாள். ரெண்டு நாள். போடலை.'
'விசிறினா?'
'லூசு. அதுவா காயணும்.'

ராத்திரி எங்கள் கூடாரத்தின் தையல் விட்டது.
பாயைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினோம்.
இருவர் படுக்கும் இடத்தில் நால்வர்,
ஈர நாய் வாசம், எங்களிடம் நாய் இல்லை.
வீதெக்கின் கால் அவள்மேல் போனது.
தள்ளினாள்.
போனது.
தள்ளினாள்.
மூன்றாம் முறை தள்ளவில்லை.
தூங்கியிருப்பாள்.

விடிந்ததும்,
'பிளாங்கா' என்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்,
எப்போதும்போல.
காய்ந்த காலுறை இருக்கிறதா என்றாள்.
என் பையில் இருந்தது வீதெக்குடையது,
கோடு போட்டது,
அவள் குதிகாலை எட்டவில்லை.
இழுத்து இழுத்துப் பார்த்தாள்.
அப்படியே ஷூவுக்குள் காலை விட்டாள்.